ரெண்டுக்கு மேல வேண்டாம்

வலியை அளந்து எண்ணாகக் காட்டும் கருவி வரப்போகிறது என்று செய்தி வந்த அன்று, ஆத்துப்பாலம் டெப்போவில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தவர் டிரைவர் சொரிமுத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு அந்தக் கருவியை அவர் திட்டிய திட்டைக் கேட்டவர்கள், மனிதர் ஆரம்பத்திலிருந்தே விஞ்ஞானத்துக்கு விரோதி என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. அவரைப் போல அதை வரவேற்றவர் அந்த டெப்போவில் யாருமில்லை.

அவருக்கு இருபது வருஷமாக இடுப்பு வலி. பஸ்கள் எல்லாம் பேட்டரிக்கு மாறிவிட்டன. சத்தம் போயிற்று, புகை போயிற்று, டிரைவர் சீட்டு மட்டும் அப்படியே இருந்தது. தானே ஓடும் பஸ் ஒன்றும் வந்து பார்த்தது. தென்காசி சாலையில் முதல் ஆட்டுமந்தை குறுக்கே வந்ததும் நின்றதுதான், பிறகு கயிறு கட்டித்தான் இழுத்து வந்தார்கள். ஆகவே மனிதர்கள்தான் ஓட்ட வேண்டியிருந்தது, மனிதர்களுக்கு இடுப்பு என்று ஒன்று இருந்தது.

உலகத்தில் மனிதர்களை அதிகமாக முடக்கிப் போடுவது இடுப்பு வலிதான் என்று பெரிய பெரிய அறிக்கைகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த அறிக்கைகள் ஆத்துப்பாலம் வரை வந்து சேரவில்லை. கை ஒடிந்தால் மாவுக்கட்டு இருக்கும், காட்டலாம். இடுப்பு வலிக்குக் காட்ட ஒன்றுமில்லை. முகத்தைச் சுளித்தால் நடிக்கிறான் என்பார்கள், சுளிக்காவிட்டால் வலியே இல்லை என்பார்கள். இந்த நிலையில்தான் வலிமானி வந்தது. முதுகுத்தண்டில் ஒரு பெல்ட், நெற்றியில் ஒரு பட்டை, மூன்று நிமிஷம். நரம்பில் ஓடுவதைப் படித்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் காட்டிவிடும். சட்டமும் போட்டுவிட்டார்கள். லைட் டூட்டி, மருத்துவ ஓய்வு, ஊனச் சான்று எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் ஆதாரம். வாயால் சொல்லுவது ஆதாரம் ஆகாது. ஆறும் அதற்கு மேலும் வந்தால் லைட் டூட்டி. கீழே இருந்தால் போய் வண்டியை எடுக்க வேண்டியதுதான்.

இனிமேல் யாரிடமும் கெஞ்ச வேண்டாம், நம்ம இடுப்பே நமக்காகப் பேசும் என்று சொல்லித்தான் சொரிமுத்து லட்டு கொடுத்தார்.

அவசரமும் இருந்தது. அவருக்கு மேலணை ரூட்டு. பதினோரு கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை. போன கார்த்திகையில் ஒன்பதாவது வளைவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தார், மிதித்தோமா இல்லையா என்பது வலது காலுக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் கால் பிரேக்கின் மேல் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். பின்னால் அறுபது பேர். ஒரு கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் குனிந்து பார்த்தார். இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று தனியார் டாக்டர் சொன்னார். ஆனால் கால் மரத்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னால் லைசென்ஸ் ரத்து, அன்ஃபிட் என்று முத்திரை குத்தி நேரே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. வலி என்று எண் வந்தால் மட்டும்தான் வேலையும் போகாது, ஸ்டீயரிங்கிலிருந்தும் இறங்கலாம்.

முதல் தடவை அளந்தபோது எண் 2.1 வந்தது.

கருவி புதிது, தவறாக இருக்கும் என்றார் சொரிமுத்து. மறு மாதம் 2.0. கருவியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தார். கிளை மேலாளர் சீட்டைப் பார்த்துவிட்டு, ரெண்டுக்கா இவ்வளவு நாள் அழுதீர் என்று கேட்டார். ஓய்வறையில் சின்ன வயசு டிரைவர்கள் அவரை ‘ரெண்டு அண்ணாச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். அவர் மனைவி பிரமு இருபது வருஷமாக அவர் டூட்டி முடிந்து வந்ததும் வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி இடுப்புக்குக் கீழே வைப்பவள். சட்டைப் பையிலிருந்த சீட்டை அவள் துணி துவைக்கும்போது பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் சாயங்காலம் வெந்நீர்ப் பை வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சொரிமுத்துவும் கேட்கவில்லை. சொந்த உடம்பே தன்னைப் பொய்யனாக்கிவிட்டது என்று அன்றைக்குத்தான் நினைத்தார்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அது நடந்தது. அளவு அறையில் இருந்த ஜெனிட்டா என்ற பெண் நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி. சொரிமுத்துக்கு முன்னால் அலுவலகக் கண்காணிப்பாளர் கழுத்து வலிக்காக அளந்துவிட்டுப் போயிருந்தார். ஜெனிட்டா பெல்ட்டை மாட்டினாள், பொத்தானை அழுத்தினாள். மூன்று நிமிஷம் கழித்துத் திரையில் 7.4 என்று வந்தது.

சொரிமுத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிடப் போனார். அதற்குள் ஜெனிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டு ஏதோ ஒன்றை மாற்றினாள். 7.4 போய் 2.1 வந்தது. பெல்ட்டைத் திரும்ப மாட்டவில்லை, திரும்ப அளக்கவும் இல்லை. அதே அளவுதான், எண் மட்டும் மாறியது.

"என்னம்மா செஞ்ச?"

"சாரி அண்ணாச்சி. முன்ன வந்த சாரோட தொழில மாத்தாம விட்டுட்டேன். ஒங்களுக்கு ஓட்டுநர்னுல்லா போடணும்."

"தொழிலுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். அதற்குப் பெயர் தாங்குசக்தி அட்டவணை. நரம்பில் ஓடும் வலி ஒன்றுதான், ஆனால் அதை எல்லோரும் ஒரே மாதிரி உணர்வதில்லையாம். நாற்காலியில் இருக்கிறவருக்கு ஏழாகத் தெரிவது, உடம்பால் உழைக்கிறவருக்கு இரண்டாகத்தான் தெரியுமாம். ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் தொழிலைப் போட்டதும் கருவி அதற்குத் தக்கபடி கழித்துவிடும்.

"யார்ட்ட ஆராய்ச்சி பண்ணினாவ?"

ஜெனிட்டா கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். நடுவில் நிறுத்தி அவரைப் பார்த்தாள். "நம்ம டெப்போதான் அண்ணாச்சி. ஆத்துப்பாலம். நாப்பத்தோரு டிரைவர்னு போட்டிருக்கு. ஆராய்ச்சி பண்ணினது டாக்டர் பூரணவல்லி."

சொரிமுத்து கொக்கியை அவிழ்த்து, பெல்ட்டை மேஜை மேல் வைத்தார்.

பூரணவல்லி அவருடைய பஸ்ஸில் கண்டக்டராக இருந்த சிவனணைந்தானின் மகள். பள்ளிக்கூடம் போன ஏழு வருஷமும் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்து, வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே வந்தவள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா செத்துப்போன பிறகு, ஒரு நாள் டெப்போவுக்குப் பெட்டி நிறைய பெல்ட்டுகளோடு வந்தாள். ஒரு மாதம் டிரைவர்கள் அதைக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், டூட்டி முடிந்ததும் வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றாள். வேறு யாராவது கேட்டிருந்தால் ஒருத்தனும் சம்மதித்திருக்க மாட்டான். நம்ம வீட்டுப் பிள்ளை என்று சொல்லி நாற்பது பேரையும் இணங்க வைத்தவர் சொரிமுத்து.

ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் டிரைவர்கள் சொல்லும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: நல்லா இருக்கேன் சார். சர்க்கரை இருந்தாலும் நல்லா இருப்பார்கள், எழுந்து நிற்க முடியாவிட்டாலும் நல்லா இருப்பார்கள். உண்மையைச் சொன்னவன் மறுநாள் வண்டியில் இருக்க மாட்டான். பெல்ட்டு கட்டியவள் நம்ம பிள்ளைதான், ஆனால் அவள் எழுதுவது அலுவலகத்துக்குப் போகாது என்று யாருக்குத் தெரியும்? சொரிமுத்து ஓய்வறையில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். சைபர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ஐந்து என்று சொன்னால் அன்ஃபிட். ரெண்டுக்கு மேல வேண்டாம்.

நாற்பத்தோரு பேரும் ஒரு மாதம் தினமும் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று சொன்னார்கள். வெளியே வந்து சிரித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக அவர்களுக்கு எண்ணம்.

அடுத்த வார ஓய்வு நாளில் சொரிமுத்து மதுரைக்குப் போனார். உட்கார்ந்தால் வலி என்று வழியெல்லாம் நின்றுகொண்டே போனார். ஒரே நினைப்புதான் அவருக்கு. பூரணவல்லியை நாம் ஏமாற்றிவிட்டோம், பாவம், அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் அவள் அட்டவணையைத் திருத்திவிடுவாள். தன்னோடு நாற்பது பேருக்கும் சரியான எண் வரும்.

ஆராய்ச்சி நிலையம் பெரிய கட்டடமாக இருந்தது. பூரணவல்லி வாசலுக்கே ஓடி வந்து, மாமா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நரை விழுந்திருந்தது. அறைக்குக் கூட்டிப்போய் முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தாள், பிரமு அத்தையை விசாரித்தாள். சொரிமுத்து சுற்றி வளைக்கவில்லை.

"நாங்க பொய் சொல்லிட்டோம் பாப்பா. ஒன்னைய ஏமாத்திட்டோம். நாந்தான் எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தேன், ரெண்டுக்கு மேல வேண்டாம்னு. வேணும்னா எழுதித் தாரேன். அந்த அட்டவணைய மாத்திரு."

அவள் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடி, திறந்து, திரும்பவும் மூடினாள்.

"நீங்க என்னைய ஏமாத்தல மாமா. எனக்கு அப்பவே தெரியும்."

சொரிமுத்துக்குப் புரியவில்லை.

"நான் எங்கப்பாவப் பாத்து வளந்தவ. டூட்டி முடிஞ்சு வந்து வெறுந்தரையில மல்லாக்கக் கிடப்பாரு. எப்படிப்பா இருக்குன்னா, ஒண்ணுமில்லம்பாரு. காலேஜுல வாத்தியார்மார்ட்ட மொதல்ல அளந்தேன். அவங்க ஏழுன்னு சொன்ன அதே அளவு ஒங்க பெல்ட்டுல வந்துச்சு, அதுக்கு மேலயும் வந்துச்சு. ஒங்க வாயில வந்தது மட்டும் ரெண்டு. பொய்னு மொத நாளே தெரிஞ்சுட்டு."

"பெறகு ஏன் அப்படி எழுதின?"

அதற்கு அவள் நிறையச் சொன்னாள். சொன்னது பொய் என்று எழுதினால் ஆராய்ச்சி அன்றைக்கே நின்றிருக்கும், மூன்று வருஷ உழைப்பு போயிருக்கும். அதனால் உடலுழைப்பாளர்களுக்கு வலி தாங்கும் சக்தி இயல்பிலேயே அதிகம் என்று ஒரே ஒரு வரி எழுதினாள். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாளாம். கருவியை விலைக்கு வாங்கியவர்களுக்குக் கருவியைவிட அந்த வரிதான் அதிகம் பிடித்துப்போயிற்று. இன்றைக்குப் பதினெட்டு நாடுகளில் அதுதான் அட்டவணை. எங்கோ கரும்பு வெட்டுகிறவன், செங்கல் சுமக்கிறவள், கப்பலில் மூட்டை இறக்குகிறவன் எல்லோருடைய இடுப்பையும் ஆத்துப்பாலத்து நாற்பத்தோரு பேரின் வாயை வைத்துத்தான் அளக்கிறார்கள். இனி அதைத் தொட்டால் எல்லாம் சரியும். அவள் பேர் போகும். பொய் வாக்குமூலம் கொடுத்ததாக நாற்பத்தோரு பேர் மேலும் நடவடிக்கை வரும்.

"அதுவும் போக, கடைசி நாளு டீக்கடையில நீங்க என்ன சொன்னியன்னு ஞாபகம் இருக்கா மாமா? பாப்பா, நாங்க வாயால சொன்னத அப்படியே எழுதிக்கோ, வேற ஒண்ணும் எழுதிராதன்னு சொன்னிய. நான் அப்படியே எழுதினேன்."

ஞாபகம் இருந்தது. அவள் கையில் டம்ளரைக் கொடுத்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். இப்போது அதை அவளே எடுத்துப் பேசியது அவருக்குப் பொறுக்கவில்லை. மடியில் வைத்துச் சோறு ஊட்டிய பிள்ளை இவள், நம் வாயைக் கொண்டே நம் வாயை அடைத்துவிட்டாளே என்று இருந்தது. சிவனணைந்தான் உயிரோடு இருந்தால் போய்ச் சொல்லி அழலாம். ஆளில்லை.

அவர் எழுந்திருக்கப் போனார். வலது கால் தடுக்கியது. பூரணவல்லி பிடித்துக்கொண்டாள், காலைப் பார்த்தாள், டாக்டருக்குச் சொல்லவா வேண்டும்.

"மாமா, இதோட மலைப்பாதையிலயா ஓட்டுதிய?"

அவள் ஒரு தாளை எடுத்து எழுதினாள். சொரிமுத்து புது டிரைவர்களுக்குச் சில மாதங்கள் பயிற்சி கொடுத்திருக்கிறார். அதைக் காரணம் காட்டி, அவர் தொழிலை மேற்பார்வையாளர் என்று மாற்ற முடியும். அவள் கையெழுத்துக்கு மேல் கேள்வி இல்லை. மாற்றினால் எண் ஏழுக்கு மேல் வரும். ஆனால் ஒரு டெப்போவில் ஓர் ஆளுக்குத்தான் இப்படிச் செய்ய முடியும். இரண்டாவது ஒன்று வந்தால் தணிக்கைக்குப் போய்விடும், முதலாவதும் சேர்ந்து ரத்தாகும். அதை இரண்டு தடவை சொன்னாள்.

சொரிமுத்து அந்தத் தாளைக் கிழித்து எறிந்திருந்தால் கதை கேட்க நன்றாக இருக்கும். அவர் கிழிக்கவில்லை. ஒன்பதாவது வளைவை நினைத்தார், அந்தக் கைக்குழந்தை அழுததை நினைத்தார். நான் இறங்குவது எனக்காகவா, அறுபது பேருக்காகத்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

எண் 7.4 வந்தது. கிளை மேலாளர் சீட்டை இரண்டு தடவை பார்த்தார், பேசாமல் கையெழுத்துப் போட்டார். வீட்டில் பிரமு சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ஏழாம்லா. ஏங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க," என்றாள். இருபது வருஷமாகச் சொன்னதை எல்லாம் சொரிமுத்து எடுத்துச் சொல்லவில்லை. அன்றைக்கு வெந்நீர்ப் பை வந்தது. சூடாகத்தான் இருந்தது, அவருக்கு அது ஏனோ இதமாக இல்லை.

லைட் டூட்டி என்றால் கேட் காவலோ, டயர் கணக்கோ என்று நினைத்திருந்தார். ஜெனிட்டாவுக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு மாற்றல் ஆனது. அளவு அறைக்கு ஆள் வேண்டியிருந்தது. டிரைவர்களின் கஷ்டம் தெரிந்த ஆள் அங்கே இருந்தால் நல்லது என்று கிளை மேலாளர் அவரையே போட்டுவிட்டார். மெத்தை வைத்த நாற்காலி, மேலே மின்விசிறி.

மேலணை ரூட்டு ஆதிமூலத்துக்குப் போயிற்று. சொரிமுத்துவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர், நாற்பத்தோரு பேரில் ஒருவர். எந்தக் கல்யாணத்துக்கும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள். ஓர் ஐப்பசிக் காலையில், பத்து இருபதுக்குக் கிளம்பும் வண்டியை எடுப்பதற்கு முன்னால், ஆதிமூலம் அளவு அறைக்குள் வந்தார். வரும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லவேளை, நீரு இருக்கீரு," என்றார். "வேற எவனும் இருந்தா வந்திருக்க மாட்டேன்."

சொரிமுத்து பெல்ட்டை எடுத்தார். ஆதிமூலம் சட்டையைத் தூக்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒரு மாசமா சரியில்லவே. முந்தாநாளு ஒம்பதாவது வளைவுல பிரேக்க மிதிக்கேன், கால் இருக்கா இல்லையான்னே தெரியல. குனிஞ்சு பாத்தேன். யார்ட்டயும் சொல்லிராதேயும்."

சொரிமுத்து பெல்ட்டின் கொக்கியை மாட்டினார், நெற்றிப் பட்டையைச் சரிசெய்தார். திரையில் தொழில் என்று கேட்டு ஒரு பட்டியல் வந்தது. ஓட்டுநர் மேலே இருந்தது, மேற்பார்வையாளர் நாலு வரி தள்ளிக் கீழே. விரல் மேற்பார்வையாளர் மேல் போய் நின்றது. அழுத்தினால் ஆதிமூலம் இன்றைக்கு மலை ஏற வேண்டாம். அழுத்தினால் தணிக்கை வரும், தன்னுடைய 7.4 போகும், மரத்த காலோடு திரும்பவும் ஸ்டீயரிங், இல்லையென்றால் வீடு.

மேலே போய் ஓட்டுநர் என்பதை அழுத்தினார்.

மூன்று நிமிஷம் ஓடியது. வெளியே யாரோ பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவுவே காட்டுது?"

சொரிமுத்து திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரெண்டு."

ஆதிமூலம் லேசாகச் சிரித்தார், வெட்கப்பட்டவர் மாதிரி. "மிசினு சொன்னா நம்ப மாட்டேன். நீரு சொல்லுதீரு. அப்ப மனப்பிராந்திதான் போல. வயசாகுதுல்லா," என்று சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். போகும்போது சொரிமுத்துவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜன்னல் வழியே மேலணை வண்டி தெரிந்தது. ஜனங்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஆதிமூலம் டிரைவர் கதவைத் திறந்து, இடது காலை வைத்து ஏறினார். பிறகு குனிந்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார். வண்டி கேட்டைத் தாண்டி மலைப்பக்கம் திரும்பும்வரை சொரிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெல்ட்டைத் துடைத்து வைத்துவிட்டு, அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டார்.